மறுகூட்டலுக்குப் போட முடியாது, அப்பா

ட்ராய், மிச்சிகன்
17.08.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நானும் அவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

தினமும் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாய். போனில் அப்பா "சாப்பிட்டியாம்மா, குளிர் எப்படி இருக்கு" என்பதைத் தாண்டுவதில்லை. நானும் தாண்டுவதில்லை. மார்ச்சில் எனக்கு ரெசிடென்சி, அதாவது டாக்டர்கள் இங்கே செய்ய வேண்டிய ஆஸ்பத்திரிப் பயிற்சி, கிடைக்காமல் போனதை ஐந்து மாதமாக இரண்டு பேரும் தொடாமலே சுற்றி வருகிறோம். எழுத உட்கார்ந்தால் முழுசாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இன்று ஞாயிற்றுக்கிழமை, அவர் துணி துவைக்கப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது.

அன்று மார்ச் 17, திங்கட்கிழமை. இங்கே காலை 10 மணி, உங்களுக்கு இரவு ஏழரை. போனைப் பார்க்கக் கூடாது என்று ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, அடை மாவுக்குப் பருப்பு களைந்துகொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒரு அதிர்வு. கையைக்கூடத் துடைக்கவில்லை. எந்த இடத்துக்கும் நீங்கள் மேட்ச் ஆகவில்லை, வருந்துகிறோம் என்று ஒரே வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் திரையெல்லாம் பருப்புத் தண்ணீர். உங்களுக்குப் போன் செய்து "கிடைக்கலைம்மா" என்றதும் அம்மா பேசவில்லை, நீங்கள்தான் வாங்கிப் பேசினீர்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "மறுகூட்டலுக்குப் போட முடியாதாம்மா?"

முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் வேறு என்ன கேட்பார்? எத்தனை பிள்ளைகளுக்கு நீங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து மார்க் கூடி வந்திருக்கிறது! அன்றைக்கு நான் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கே ரெசிடென்சி இடத்தை ஒரு கணக்குதான் முடிவு செய்கிறது, அப்பா. மேட்ச் என்று அதற்குப் பெயர், 1952-லிருந்து நடக்கிறது. கேல், ஷாப்லி என்று இரண்டு கணித அறிஞர்கள், கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணப் பொருத்தத்தையும் வைத்து 1962-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த வழியில் ஆல்வின் ராத் என்பவர் 1990-களில் இந்த மேட்சைத் திருத்தி அமைத்தார். 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நாலு வருஷம் முன்பே இறந்துவிட்டார்.

கணக்கு இப்படிப் போகும். இன்டர்வியூ கொடுத்த ஆஸ்பத்திரிகளை எனக்குப் பிடித்த வரிசையில் நான் எழுதித் தருவேன். அவர்களும் பார்த்த டாக்டர்களை அவர்கள் வரிசையில் எழுதித் தருவார்கள். கம்ப்யூட்டர் முதலில் என் பட்டியலின் முதல் பெயருக்குப் போகும். அந்த ஆஸ்பத்திரியின் பட்டியலில் நான் இருந்து, இடமும் இருந்தால், என்னைத் தற்காலிகமாக உட்காரவைக்கும். இடமெல்லாம் நிரம்பிய பிறகு எனக்கு மேலே அவர்கள் எழுதிய ஒருவர் வந்து, உட்கார்ந்தவர்களில் நானே கடைசி என்றால் நான் எழுந்திருக்க வேண்டும். உடனே என் இரண்டாவது பெயருக்குப் போகும். எல்லோரும் அசையாமல் உட்காரும்வரை இது நடக்கும். என் பட்டியலில் இருந்தவை மூன்றே பெயர்கள். மூன்று இடத்திலும் எனக்கு மேலே இருந்தவர்களே நாற்காலிகளை நிரப்பிவிட்டார்கள். கூட்டலில் எந்தத் தப்பும் இல்லை, அப்பா. மறுகூட்டலுக்கு அங்கே ஒன்றும் கிடையாது.

அந்த வாரமே காலி இடங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 45 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் நாமாக யாரையும் கூப்பிடக் கூடாது, அவர்கள்தான் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு அழைப்பு வந்தது, பத்து நிமிஷம் பேசினார்கள். வியாழக்கிழமை நான்கு சுற்றாக இடம் கொடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு மே மாதம் வரை ஆனது. நான் பிளஸ் டூ முடித்த காலத்தில் நம் ஊரில் 200-க்குக் கட்-ஆஃப் எவ்வளவு என்று சொன்னால் எந்தக் காலேஜ் என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். 2012-ல் என்னை அப்படித்தான் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனீர்கள். அந்தப் புத்தியோடுதான் இங்கேயும் விண்ணப்பித்தேன். இங்கே டாக்டராக எழுத வேண்டிய உரிமத் தேர்வில், ஸ்டெப் 2-வில் நல்ல மார்க், அது போதும் என்று நினைத்தேன். இன்டர்னல் மெடிசினுக்கு, அதாவது பொது மருத்துவத்துக்கு, 180 இடங்களுக்குப் போட்டேன். முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 4,830 டாலர் ஆகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நம் பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் என் விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். படிப்பு முடித்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களைப் பல இடங்கள் முதலிலேயே ஒதுக்கிவிடும். விசா தராத இடங்களும் நிறைய. நான் 2018-ல் முடித்தவள், விசாவும் வேண்டும். அந்த விவரமெல்லாம் அவரவர் இணையதளத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்காதது என் தப்பு.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரிதான் எனக்கு மிகவும் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க நமக்கு மூன்று தங்க சிக்னலும் பன்னிரண்டு வெள்ளி சிக்னலும் தருவார்கள். மூன்று தங்கத்தையும் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களுக்கே கொடுத்தேன். பெயர் பெரிசாக இருந்தால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்ற நினைப்பு. மூன்று இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை.

உங்களுக்கு ஒரு எண் சொன்னால் புரியும். இந்த வருஷ மேட்சில் வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத டாக்டர்களில் 58 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. இங்கேயே எம்.டி. (நம் எம்.பி.பி.எஸ். மாதிரி) முடிக்கும் மாணவர்களுக்கு 93.5. நூற்றில் கிடைக்காத 42 பேரில் நானும் ஒருத்தி. படித்தும் வரவில்லையே என்று யாராவது சொன்னால் நீங்கள் தலை குனிய வேண்டாம்.

அப்பா, கொஞ்சம் வருத்தமாக ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் கேட்பவர்களிடம் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். எனக்காகத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் அதைக் கேட்டபோது, மெயில் வந்த அன்றைக்கு இருந்ததைவிட அதிகமாக வலித்தது. நான் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. அவருடைய விசாவை நம்பி வந்தவள், சம்பளத்துக்கு வேலை செய்ய எனக்கு இன்னும் அனுமதி இல்லை. என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், அதையே அவர்களிடமும் சொல்லுங்கள்.

காலையில் அவர் ஆபீஸ் போகும் வழியில் என்னை ட்ராய் லைப்ரரியில் விட்டுவிடுவார். இங்கே கார் இல்லாமல் ஒரு இடத்துக்கும் போக முடியாது, நடந்து போகிற ஆளைத் தெருவில் பார்ப்பதே அபூர்வம். ஜன்னல் பக்கம் ஒரு மேஜை, அதில்தான் அந்த உரிமத் தேர்வின் அடுத்த கட்டமான ஸ்டெப் 3-க்குப் படித்தேன். இரண்டு நாள் பரீட்சை. கேள்வி பதிலோடு, கம்ப்யூட்டருக்குள் ஒரு நோயாளியைக் கொடுத்து வைத்தியம் செய்யச் சொல்வார்கள். என்ன டெஸ்ட், என்ன மருந்து என்று நாம் டைப் செய்ய வேண்டும், திரையில் கடிகாரம் ஓடும், நோயாளி தேறுவதும் மோசமாவதும் நாம் எழுதியதைப் பொறுத்தது. ஜூனில் எழுதி, பாஸும் ஆகிவிட்டேன். இது இருந்தால்தான் எச்-1பி விசா கொடுக்கும் ஆஸ்பத்திரிகளையும் கேட்க முடியும்.

செவ்வாயும் வியாழனும் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கான ஒரு இலவச கிளினிக்குக்குத் தொண்டராகப் போகிறேன். பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, வந்தவர் சொல்வதை எழுதி வைப்பது, அவ்வளவுதான். போன மாதம் ஒருவர் வந்தார், கூரை போடுகிற வேலை. சர்க்கரை 380. இன்சுலின் போடுகிறீர்களா என்றால் போடுகிறேன் என்கிறார். எவ்வளவு என்று இரண்டாம் தடவை கேட்டபோதுதான், மாதக் கடைசி வரை வர வேண்டும் என்று பாதி அளவு போடுவதைச் சொன்னார். இவ்வளவு பணக்கார நாட்டில் இப்படியா என்று மனசு கேட்கவில்லை. களக்காட்டுப் பக்கம் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு மாத்திரைக்கு ஒரு பைசா செலவு கிடையாது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது.

அந்த கிளினிக் டாக்டருக்கு எழுபது வயது இருக்கும். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில், இங்கே வருமுன் என்ன செய்தாய் என்று கேட்டார். அந்தப் பாம்புக்கடியைச் சொன்னேன். உங்களுக்கு நினைவிருக்கும், 2020 ஊரடங்கு சமயம், ராத்திரி பதினோரு மணி. வாழைத்தோப்பில் தண்ணீர் பாய்ச்சப் போனவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கண்ணாடி விரியன் என்றார்கள். நர்ஸ் அக்காவும் நானும் மட்டும்தான். இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் மனைவி குழாயைப் பார்க்கிறாள், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இருபதாவது நிமிஷம் சாய்த்தால் ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பத்து குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றி, 108-ல் ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து அவரே சைக்கிள் மிதித்து வந்து காலைக் காட்டினார்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது உன் விண்ணப்பத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இருந்தது ஒரே வரி. மருத்துவ அலுவலர், 2019 முதல் 2022 வரை. என்னைப் பற்றிய கட்டுரையில், சின்ன வயதிலிருந்தே டாக்டராக ஆசை என்று எல்லோரும் எழுதுவதையே எழுதியிருந்தேன். அமெரிக்கா வந்து கற்றதைத்தான் இவர்கள் கேட்பார்கள் என்று நினைத்து, மூன்று வருஷ வேலையை நானே மறைத்து வைத்துவிட்டேன். படிப்பு முடித்து ஏழு வருஷம் ஆனது என் குறை என்று நினைத்தேனே, அந்த ஏழில் மூன்று வருஷம் நான் தனியாளாக ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறேன்! அன்று ராத்திரியே கட்டுரையைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுதினேன். குழாயைச் சாய்த்த இடத்தில் தொடங்குகிறது. அந்த டாக்டர் எனக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறார்.

இந்த முறை 90 இடங்கள்தான். ஒவ்வொன்றையும் நானே படித்து, விசா உண்டா, வருஷக் கணக்கு உண்டா என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் மார்க் ரிஜிஸ்டர் மாதிரி. தங்க சிக்னல் மூன்றும் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு. ஒன்றின் பெயரும் உங்களுக்குத் தெரியாது. செப்டம்பர் 24-ல் அவர்கள் விண்ணப்பங்களைத் திறப்பார்கள். அதற்குப் பிறகு இன்டர்வியூவுக்குக் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கிடைத்தவர்களுக்கே இந்த வருஷம் சிரமம். மே கடைசியில் விசா இன்டர்வியூ தேதி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், மூன்று வாரம் கழித்துத்தான் திறந்தார்கள். ஜூலை 1-ல் வேலையில் சேர வேண்டிய என் வகுப்புத் தோழி, சென்னையில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வயலை விற்பது பற்றி அம்மா பேச்செடுத்தாய். வேண்டாம் அம்மா. இந்த வருஷச் செலவுக்கு எடுத்து வைத்துவிட்டோம், அவரும் அதையேதான் சொல்கிறார். நீ சொன்னபடி பான்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றினேன். உன் முழங்காலுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். ஊருக்கே வந்துவிடு என்று நீ சொன்னதையும் மறக்கவில்லை. இன்னொரு தடவை முழு மனசோடு செய்து பார்க்க எனக்கு நேரம் கொடு.

அப்பா, ஒரு வேலை உங்களுக்கு. நான் அரசு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆணையின் நகல், பீரோவின் மேல் தட்டில் பச்சை ஃபைலில் இருக்கும். வேலையில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அக்காவிடம் கொடுத்தால் அனுப்பிவிடுவாள். ஜெராக்ஸ் கடையில் எதற்கு என்று கேட்டால், மகள் மறுபடியும் விண்ணப்பிக்கிறாள் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்