பஸ் நிலையத்து மான்களும் உன் கமராவும்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் தொலைக்காட்சித் திரையில் போட்டுப் பெரிதாகப் பார்த்தோம். படங்களைவிட, கூடவே நீ எழுதியிருந்த வரிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. "இங்கே தெருவில் சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை அப்பா, எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். ரொறொன்ரோவின் குளிர் எனக்குத் தெரியாது. தெரு தெரியும். நீ சிரிப்பை ஆட்களின் முகத்தில் தேடுகிறாய், பிள்ளை. அது பெரும்பாலும் ஓர் ஆளுக்கும், அவர் பக்கத்தில் தற்செயலாக வந்து நிற்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கிடக்கிறது.

நம்முடைய பஸ் நிலையத்தையே எடுத்துக்கொள். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகருக்குள் இறங்கி வருவது நமக்குப் பழகிப்போன காட்சி. போன கிழமை கிண்ணியா பஸ்ஸுக்கு வரிசை நின்றது. கடைசியில் ஓர் ஆண்மான், கொம்புகளோடு, தனக்கு முன்னால் நின்றவரின் மரக்கறிப் பையை முகர்ந்தபடி நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். மானைத் தனியாக எடுத்தால் அது வனவிலங்குப் படம். வரிசையைத் தனியாக எடுத்தால் வெயிலின் கொடுமை. இரண்டும் ஒரே படச் சட்டத்துக்குள் வந்தபோது, மானையும் ஒரு பயணியாக ஏற்றுக்கொண்ட ஊரின் குணம் தெரிந்தது. நான் சிரித்தது அதற்காகத்தான்.

அதே இடத்தில் இன்னொரு நாள் ஒரு மான் பொலித்தீன் பையை வாயில் கவ்வி மென்றுகொண்டிருந்தது. சுற்றுலா வந்த இளைஞர்கள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. அந்தப் பை மானின் வயிற்றில் தங்கி அதைக் கொல்லக்கூடியது. சிரிப்புப் படம் எடுக்க விரும்புகிறவனுக்கு இந்த வேறுபாடு கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் எவ்வளவு நல்ல கமரா இருந்தும் பயனில்லை.

முதலில் பின்னணியைக் கண்டுபிடி. ஆட்கள் தாமாக வருவார்கள். விளம்பரப் பலகை, கடைப் பொம்மை, சுவரோவியம், பாதி கிழிந்த சுவரொட்டி, எதுவாக இருந்தாலும் சரி. தேர்தல் காலத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்கக் கைகூப்பிய வேட்பாளர்கள். சுவரொட்டிப் பசை கோதுமை மாவில் காய்ச்சியது. ஆடுகளுக்கு அது நல்ல தீனி. ஒரு வெள்ளாடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி நின்று தின்னத் தொடங்கியதும், எடுத்துவிட வேண்டும் என்று விரல் துடித்தது. பொறுத்திருந்தேன். ஆடு வேட்பாளரின் கூப்பிய கைகளைத் தின்று முடித்து, தலையை நிமிர்த்தி, அவருடைய முகத்தோடு முகம் பார்த்தது. அந்தக் கணத்தில் எடுத்த படத்தைத்தான் அம்மா சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவசரப்பட்டிருந்தால் அது ஆடு காகிதம் தின்னும் படமாக மட்டுமே இருந்திருக்கும்.

உன் படங்களில் பின்னணி மங்கியிருக்கிறது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் விரும்புவார்கள். கல்யாணப் படத்துக்கு அது அழகு. சிரிப்புக்கு அது எதிரி, ஏனென்றால் அங்கே முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்துதான் பேசுகின்றன. ஒன்று மங்கினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 அல்லது 11க்குக் கொண்டுபோ. 28 அல்லது 35 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு, மூன்று மீற்றர் தூரத்துக்குக் குவியத்தை முன்கூட்டியே வைத்துவிடு. ஷட்டர் வேகம் நடப்பவர்களுக்கு 1/250 வினாடி போதும், ஓடும் பிள்ளைகளுக்கும் பறக்கும் காகங்களுக்கும் 1/500. வெளிச்சம் போதாத உங்கள் மாலைகளில் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்று. படத்தில் மணல்போலப் புள்ளிகள் விழுந்தாலும் பரவாயில்லை. கைத்தொலைபேசியிலும் எடுக்கலாம். அதன் உணரி சிறியது என்பதால் கிட்டவும் எட்டவும் ஒருசேரத் தெளிவாக விழும்.

எலியட் எர்விட் என்ற படப்பிடிப்பாளரின் படங்களை உட்கார்ந்து பார். 1928இல் பாரிஸில் பிறந்து இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர். 1953இல் மேக்னம் என்னும் படப்பிடிப்பாளர் குழுவில் சேர்ந்தார். 2023இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். 1974இல் நியூயோர்க்கில் எடுத்த படம் ஒன்றில் ஒரு பெரிய நாயின் கால்கள், ஒரு பெண்ணின் பூட்ஸ், அவற்றுக்குப் பக்கத்தில் தொப்பி அணிந்த சின்னஞ்சிறு நாய். முழுதாகத் தெரிவது அந்தச் சின்ன நாய் மட்டுமே. கமராவைத் தரைக்குக் கொண்டுபோய் அதன் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தார். நாய்களைத் திரும்பிப் பார்க்க வைக்க அவர் குரைத்தும் காட்டியிருக்கிறார். நீ எல்லாப் படத்தையும் உன் கண் உயரத்திலிருந்தே எடுத்திருக்கிறாய். முழங்காலை மடக்கிப் பார்.

பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ரொபேர் துவானோவும் பெரியவர்தான். 1948இல் பாரிஸ் கடை ஒன்றுக்குள் கமராவை மறைத்து வைத்து, காட்சிக் கண்ணாடியில் தொங்கிய ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களை எடுத்தார். மனைவி ஓர் ஓவியத்தைப் பற்றிக் கதைக்க, கணவனின் கண் ஓரமாக வேறொரு ஓவியத்துக்குப் போகிறது. சிரிக்காமல் இருக்க முடியாத படம். ஆனாலும் மறைந்திருந்து எடுப்பது எனக்குப் பிடிக்காது. கமராவைக் கழுத்தில் தெரியத் தொங்கவிட்டு நில். யாராவது பார்த்துவிட்டால் சிரித்துத் தலையசை. வேண்டாம் என்றால் அழித்துவிடு.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டூடியோவில் என் கைக்குள் வந்த முகங்களில் பாதி அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வந்தவை. "நேரே பாருங்கள், வாயை மூடுங்கள், சிரிக்க வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே என் இளமை போனது. போர்க்காலத்தில் கமராவோடு தெருவில் நிற்கவே முடியாது. ஒரு படத்துக்கு ஆயிரம் கேள்வி வரும். அந்த ஆண்டுகளிலும் இந்த ஊர் சிரித்தது. மின்சாரம் இல்லாத இரவுகளில், வரிசைகளில், வள்ளங்களில் சிரித்தது. அதற்குப் படச் சாட்சி மிகக் குறைவு. நம்மைப் பற்றி உலகம் வைத்திருக்கும் படங்களில் அழுகை நிறைய இருக்கிறது. சிரிப்பும் பதிவாக வேண்டும் என்பது எனக்குப் பெரிய காரியம்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் இங்கே குடைகள் மேல்நோக்கி விரிகின்றன, சாரங்களைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நடக்கிறார்கள். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் கயிற்றோடு பின்னுக்குச் சாய்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் சிலர் அதே சாய்வில் யோகாசனம் செய்கிறார்கள். படத்தைக் காட்டியதும் வலைக்காரர்களின் தலைவரான மண்டாடியார் விழுந்து விழுந்து சிரித்துத் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில், முதல் வாளி தலையில் விழும்போது ஒவ்வொரு முகமும் ஒரு கூத்து ஆடும். ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. அங்கே நான் கமராவைப் பையை விட்டு எடுப்பதில்லை. குளிக்கிறவர்களை எடுக்கக்கூடாது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பஸ் தரிப்பிடத்தில் வாயைத் திறந்து தூங்கும் முதியவர், அவருக்குப் பின்னால் கோப்பி விளம்பரம். இரண்டும் சேர்ந்த கணத்தை நன்றாகப் பிடித்திருக்கிறாய், அதில் சந்தேகமில்லை. இணையத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். சப்பாத்தைப் பார், பிள்ளை. அடி கிழிந்து நாடாவால் சுற்றியிருக்கிறது. காலடியில் இருக்கும் பைகள் கடைக்குப் போய் வந்தவரின் பைகள் அல்ல. அவருடைய வீடே அதற்குள் இருப்பதுபோல் தெரிகிறது. அவர் களைத்துப்போய்த் தூங்குகிறார். அதைப் போடாதே. அதே தரிப்பிடத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போ. வேலைக்குப் போகிற நல்ல கோட்டுக்காரர்கள் அதே விளம்பரத்தின் கீழே கொட்டாவி விடுவார்கள். ஒருவர் தொடங்கினால் வரிசை முழுக்கப் பரவும். நீ தேடிய படம் அதுதான்.

சிவப்புக் குடையும் தபால் பெட்டியும் உள்ள படம் மிக நன்று. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட காரை மட்டும் தவிர்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது கணினிக்கு முன்னால் இரு. வெட்டாத மூலப் படங்களையும் நான் பார்க்க வேண்டும். கையுறை போடாமல் வெளியே நிற்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா