பழைய மினிட் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

உள்ளூர் அமெச்சூர் கால்பந்து லீக்குகளை நடத்தும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் லீக்கின் வரலாற்றை எழுதி வையுங்கள். இதுதான் என் வேண்டுகோள். அதற்கு முன்னால், அலமாரியில் கிடக்கும் மினிட் புத்தகங்களும் (கூட்டக் குறிப்பேடுகள்) ஸ்கோர் ஷீட்டுகளும் பழைய பேப்பரோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வாங்காமல் ஆடியவர்கள் வளர்த்த ஆட்டம் இது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற கால்பந்து கிளப் தொடங்கியது 1857இல். இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் வந்ததே 1863இல்தான். 1885 வரை அங்கே ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்க அனுமதி இல்லை. அந்த ஷெஃபீல்டு கிளப், கையால் எழுதிய தன் விதிகளையும் குறிப்பேடுகளையும் பத்திரமாக வைத்திருந்தது. 2011இல் அவை எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயின. உங்கள் நோட்டுக்கு அந்த விலை கிடைக்காமல் போகலாம். ஆனால் உங்கள் மைதானத்தில் யார் ஆடினார்கள் என்பதற்கு வேறெங்கும் சாட்சி இல்லை.

எழுதும்போது சாம்பியன் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். பாதி சீசனில் கலைந்த அணிகள், விசில் ஊதியே வயதான ரெஃப்ரிகள், கோடு போட்டு வலை கட்டியவர்கள், எல்லோரும் வரட்டும். விதி மாறிய வருடங்களையும் குறியுங்கள். முன்பு வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். இங்கிலாந்து லீக் 1981இல் அதை மூன்றாக்கியது. உங்கள் லீக் எப்போது மாறியது? அது தெரியாமல் பழைய புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவருக்குக் கணக்கே உதைக்கும்.

சங்கடமான பக்கங்களையும் மறைக்க வேண்டாம். 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க சுமார் 53,000 பேர் திரண்டார்கள். மறு வருடமே கால்பந்து சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆட்டத்துக்குத் தடை போட்டது. அது நீங்க ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. உங்கள் புத்தகத்திலும் யாரையாவது ஒதுக்கிய தீர்மானம் இருக்கலாம். இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

அப்புறம், இப்போதைய சீசன். முடிவுகள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கின்றன. செயலாளர் போன் மாற்றினால் ஒரு வருடமே காணாமல் போகும். ஆட்டம் முடிந்த அன்றே ஸ்கோர், கோல் அடித்தவர் பெயர், இரண்டு அணிப் பட்டியல் ஆகியவற்றை ஒரு நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பழைய ஆட்டக்காரர்களை வரவழைத்து, பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுப் பின்பக்கம் எழுதுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்