ஏர்பேக் விளக்கை அணைக்கச் சொன்ன உங்கள் ஞாயிறு இணைப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், காரின் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு வெளிக் கடையில் வாங்கியதை வீட்டிலேயே மாட்டுவது எப்படி என்று அரைப் பக்கம் வந்திருந்தது. அதன் கடைசிப் பத்தியில் ஒரு வரி: டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் போதும், அணைந்துவிடும். அணையும், உண்மைதான். ஏர்பேக் கனெக்டரில் 2 ஓம் அளவுக்கு ஒரு ரெசிஸ்டரைச் சொருகினால், பை அங்கேயே இருக்கிறது என்று கன்ட்ரோல் யூனிட் நம்பிவிடும். பைதான் இருக்காது. நாளைக்கு அந்தக் கார் கைமாறும். ஸ்டியரிங் அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர் சாவியைத் திருப்பிப் பார்ப்பார். விளக்கு சில விநாடி எரிந்து அணையும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் கிளம்புவார். அவருக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த விளக்கு. அதைத்தான் அணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

2019 ஜூலை 1 முதல் தயாரான கார் ஒவ்வொன்றிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பலர் ஓட்டுவது அந்தக் கார்களைத்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் பேட்டரி பற்றி ஒரு சொல்கூட இல்லை. மைனஸ் கம்பியைக் கழற்றியதும் கை வைத்துவிடக் கூடாது. யூனிட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். காருக்குக் கார் சொல்லும் நேரம் மாறும். பத்து நிமிடம் காத்திருந்தால் நல்லது. ஏர்பேக் கம்பி மஞ்சள் கனெக்டரில் வரும். அதில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். கழற்றிய பையின் முகப்பு மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தது வெடித்தால் மொத்தமும் மேலே எகிறும். அதைப் பரணில் போட்டு வைப்பதும், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதும் நம் ஊரில் நடக்கிறது. உள்ளே இருப்பது வெடிமருந்து. குப்பையோடு நெருப்பில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

‘நட்டைக் கழற்றி ஸ்டியரிங்கை இழுக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். நம் கடற்கரை உப்புக் காற்றில் அந்த ஸ்ப்லைன் (தண்டும் ஸ்டியரிங்கும் கோத்துக்கொள்ளும் பல்வரிசை) இழுத்தால் வராது. வராவிட்டால் படிக்கிறவர் சுத்தியலை எடுப்பார். தண்டின் நுனியில் அடித்தால், விபத்தில் மடங்குவதற்கென்றே செய்த ஸ்டியரிங் காலம் (column) என்னும் தண்டுப் பகுதி அங்கேயே கெட்டுப்போகும். இழுத்துக் கழற்றும் புல்லர் கருவி வேண்டும். நட்டை முழுக்க எடுக்காமல் நாலைந்து மரை விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் திடீரென்று கழன்று வந்து பல்லை உடைக்கும். ஸ்டியரிங் லாக்கைப் பிடிமானமாக வைத்து நட்டைத் திருகினால் லாக் உடையும். முன்சக்கரம் நேராக இருக்கும்போதே தண்டிலும் ஸ்டியரிங்கிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 36 பல் உள்ள ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டினால் ஸ்டியரிங் 10 டிகிரி கோணலாக நிற்கும்.

ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கை (ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா) கழற்றிய நிலையிலேயே டேப் ஒட்டி நிறுத்தாவிட்டால், அது தானாகத் திரும்பிக்கொள்ளும். பிறகு முழு ஒடி ஒடித்ததும் உள்ளே இருக்கும் நாடா அறுந்து ஹாரன் அடிக்காது. வெளிக் கடை ஸ்டியரிங்கில் ஆறு போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்துக்கு இரண்டு அளவு உண்டு: 70 மில்லிமீட்டர், 74 மில்லிமீட்டர். நடுவில் மாட்டும் ஹப் ஒரு அளவு, ஸ்டியரிங் வேறு அளவு என்று வாங்கிவந்துவிட்டு, துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கி மாட்டியிருப்பதைப் பட்டறையில் பார்க்கிறோம். ராவிய துளையில் போல்ட் ஆடும், ஆடினால் தளரும். நட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும் என்பது அந்தந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். கைக்கணக்கு போதாது.

பவர் ஸ்டியரிங் இல்லாத, ஏர்பேக்கும் இல்லாத பழைய காரில்கூட, 370 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங் இருந்த இடத்தில் 320 மாட்டினால் திருப்பத் தேவையான பலம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கூடும். மஞ்சக்குப்பம் சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போது தோள்பட்டைக்குத் தெரியும். வட்டம் சிறியதானால் ஸ்பீடாமீட்டரின் மேல்பாதியும் மறையும்.

இன்னொன்று, இப்படி மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் தாண்டிவிட்டால் வேறு சட்டம் என்று நினைக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். மத்தியச் சட்டம், இரு பக்கமும் ஒன்றுதான்.

இது முதல் தடவையும் இல்லை, ஐயா. இதே பக்கத்தில் முன்பு, இரவில் நன்றாகத் தெரிய 100/90 வாட் பல்பு போடுங்கள் என்று வந்தது. பல்புக்கு மின்சாரத்தைத் தனி வழியில் தரும் ரிலே பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனி ஒயரிங் 60/55க்குத்தான். அதற்கு மேல் போட்டால் ஹோல்டர் உருகும். மழைக்காலத்தில், தண்ணீரில் நின்ற வண்டியை விடாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று வந்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூரில் அப்படி எழுதலாமா? சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களுக்கும் முழு உறை போடும் படம் வந்தது. அப்போதெல்லாம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. பத்திரிகையை நிறுத்தவும் மனம் வரவில்லை.

நான் கேட்பது நான்கே வரி. அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே எழுத்தளவில் இப்படிப் போடுங்கள்: ‘ஏர்பேக் உள்ள காரில் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டாம். ஏர்பேக்கைக் கழற்றியிருந்தாலோ அதற்குப் பதிலாக ரெசிஸ்டர் மாட்டியிருந்தாலோ கம்பெனி சர்வீஸில் காட்டிப் பழைய ஸ்டியரிங்கையும் ஏர்பேக்கையும் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் அதுவரை எரியட்டும். காரை விற்பதென்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்கவும்.’

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கார் மெக்கானிக்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.