மேசைக்கு இந்தப் பக்கம்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்பு நண்பா,

நீ தாத்தா ஆகப்போகிறாய் என்ற செய்தி கண்டு மகிழ்ச்சி. அதே கடிதத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பில் தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டதையும் எழுதியிருக்கிறாய். கடிதம் எழுதும் மேசையில் உட்கார வைத்தால் தயங்காதே. ஆங்கிலத்தில் திணறும் நம் முதியவர்கள் எதிரே ஒரு தமிழ் முகத்தைப் பார்த்தால்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

1955ல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் இது. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். வந்தவர் அடையாள அட்டையைக் காட்டி எண் வாங்குவார், உன்னிடம் விவரம் சொல்வார், நீ கடிதத்தை வரைவாய். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் அவரோடு பேசிக் கையெழுத்திடுவார். கடிதம் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கோ அமைச்சுக்கோ போகும்.

அந்தக் கையெழுத்து விதியை மாற்றாது. மூடிய கோப்பை இன்னொரு முறை திறக்க வைக்கும், அவ்வளவுதான். திறக்கும் அதிகாரிக்கு முதல் விண்ணப்பத்தில் இல்லாத ஒரு விவரமாவது கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பதிலே புதுத் தேதியோடு வரும். ‘கருணை கூர்ந்து பரிசீலிக்கவும்’ என்று பத்து வரி எழுதுகிறவர்களைப் பார்ப்பாய். அந்தப் பத்து வரியையும் யாரும் படிப்பதில்லை.

முதலில் முகவரியைப் பார். 2025 தேர்தலுக்கு முன் எல்லைகளைத் திருத்தியதில், வீடு மாறாமலே தொகுதி மாறியவர்கள் உண்டு. பழக்கத்தில் பழைய உறுப்பினரிடமே வருவார்கள். அடுத்து, மறுப்புக் கடிதத்தைக் கேள். அதிலுள்ள கோப்பு எண் உன் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம், ஒரு துறை. வாடகை பாக்கியையும் மகனின் வேலையையும் ஒரே தாளில் கலந்தால், வீவக தன் பாதிக்குப் பதில் எழுதும், மறுபாதி அங்கேயே கிடக்கும்.

உதவித்தொகைக்கு வருகிறவர் ‘மாதம் 2,400 வெள்ளி’ என்பார். அத்தோடு நிறுத்தாதே, வீட்டில் எத்தனை பேர் என்று கேள். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 400 வெள்ளி. அதிகாரி பார்ப்பது இந்தத் தலைக்கணக்கைத்தான். சம்பளச் சீட்டு, மசேநி (மத்திய சேம நிதி) கணக்கு, டயாலிசிஸ் ரசீது ஏதாவது இருந்தால் நகல் இணைத்துவிடு.

அடிக்கடி வரப்போவது கூரைக் கசிவு. ‘மேல்வீட்டுக்காரன் கதவே திறப்பதில்லை’ என்று தொடங்குவார்கள். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, எப்போது சொட்டுகிறது என்று கேள். மேலே யாரும் தண்ணீர் புழங்காத நேரத்திலும் விடாமல் சொட்டினால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். அவர்கள் குளித்த பிறகு மட்டும் ஈரம் ஊறினால் குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்திருக்கும், அல்லது கழிவுக்குழாய் இணைப்பு விட்டிருக்கும். நாலைந்து நாளைக்கு நேரம் குறித்து, தேதியோடு படம் எடுத்துவரச் சொல். பலருக்குத் தெரியாத ஒன்று: வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்கு தர வேண்டும். முழுச்செலவும் தன் தலையில் விழும் என்ற பயத்தில்தான் பல கதவுகள் திறப்பதில்லை. தாழ்வாரத்து விளக்கும் மின்தூக்கியும் வீவக வேலையல்ல, நகர மன்றத்தினுடையது.

தேதி விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதே. உறுப்பினரின் கடிதம் எந்தக் கெடுவையும் நிறுத்தி வைக்காது. சம்பளம் தராத முதலாளிமேல் டாடெம் என்கிற முத்தரப்பு அமைப்பில் கோரிக்கை பதிய, வேலையில் இருக்கிறவருக்குச் சம்பவம் நடந்து ஓராண்டு. வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். ‘எம்பி எழுதியிருக்கார், பார்ப்போம்’ என்று காத்திருந்தால் போயே போச்சு. முதலில் அங்கே பதிவு, பிறகுதான் கடிதம்.

ஊரிலிருந்து வந்து வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் பையன் இங்குள்ள பெண்ணை மணக்க நினைத்தால், தாலி கட்டும் முன்பே மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து நிற்பவருக்கு நீ எழுதும் கடிதம் மிகக் கடினமான கடிதம். பொய்யான நம்பிக்கை கொடுக்காதே. நீதிமன்றத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அது கூடாது, சட்ட உதவிக்கு வழிகாட்டு.

நம் பெயர்களிலும் கவனம். இன்னாரின் மகன் என்று குறிக்கும் ‘எஸ்/ஓ’வுக்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர். அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தட்டினால், பதில் அப்பா பெயருக்கு வரும், கோப்பு தேடினாலும் கிடைக்காது. அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடி.

ஒரே குறை ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தால் தனியாகக் குறித்து உறுப்பினரிடம் கொடு. அது நாடாளுமன்றக் கேள்வியாகலாம். ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் அன்றிரவே கொடுத்துவிடு. அவையில் தமிழிலும் பேசலாம். அந்த உரிமையை நம்மவர்கள் இன்னும் கொஞ்சம் புழங்கலாம் என்பது என் ஆதங்கம்.

முடிய இரவு பதினொன்றானாலும் ஆகும். சாப்பிட்டுவிட்டுப் போ, வாசிக்கிற கண்ணாடியை மறக்காதே. பேரப்பிள்ளை பிறந்ததும் எழுது. பதிவு செய்யும்போது அப்பா பெயர் எந்த இடத்தில் விழுகிறது என்று மருமகனை இரண்டு முறை பார்க்கச் சொல்.

உன் பழைய வகுப்புத் தோழன்