குடியாத்தத்து அம்மாவுக்கும் வார்டில் இருந்த எல்லோருக்கும்

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். எடையும் ஏறுகிறது. பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பக்கத்துப் பெட்டில் பேரனுக்குத் துணையிருந்த குடியாத்தத்து அம்மா, இந்த மடலில் பாதிக்குமேல் உங்களுக்குத்தான். கங்காரு முறையில், அதாவது எடை குறைந்த குழந்தையைத் தோலோடு தோலாகத் துணியால் கட்டி, நெஞ்சோடு வைக்க அம்மாதான் வேண்டுமென்பதில்லை, அப்பாவும் வைக்கலாம் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். கட்டத்தான் தோதான துணி இல்லை. டவல் எட்டவில்லை, புடவை வழுக்கியது. நீங்கள் பையிலிருந்து ஒரு பழைய லுங்கியை எடுத்து, மூட்டியிருந்த தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தீர்கள். "எங்க ஊர் நெசவுப்பா, துவைச்சுத் துவைச்சு பஞ்சாட்டம் ஆயிடுச்சு. கட்டிக்கோ."

அந்தத் துணி ஏன் சரிப்பட்டது என்று இப்போது வார்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். வேலூர் வெயிலுக்கு வேர்வையை இழுப்பது பழைய பருத்திதான். ஆனால் நனைந்துவிட்டால் அதே துணி குழந்தையைக் குளிரவைக்கும்; மாற்றுத்துணி ஒன்று கையில் இருக்கட்டும். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். கால்கள் தவளை மாதிரி மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். துணியின் மேல்விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே வரட்டும். தளர்ந்தால் குழந்தை சரியும், முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும். இறுக்கம் நெஞ்சளவில் போதும், வயிற்றில் கூடாது, மூச்சு விட வயிறு அசைய வேண்டுமே. மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்காருங்கள். சென்ட், பவுடர் வேண்டாம். பத்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். அப்பா, பாட்டி என்று மாறி மாறி வைத்தால்தான் அது நடக்கும். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டால் குளிர்கிறது என்று அர்த்தம்.

குழந்தையைப் பார்த்ததும் பாசம் பொங்கும் என்பார்கள். பொங்காத அப்பாக்களும் அம்மாக்களும் நிறையப் பேர் உண்டு, வெளியே சொல்வதில்லை. மணிக்கணக்கில் தோலோடு தோல் கிடந்தால் மெல்ல ஒட்டிக்கொள்ளும். நாக்கை நீட்டுவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பசி என்று அழுகைக்கு முன்பே தெரிந்துவிடும்.

பால் புகட்டும் சங்கான பாலாடையைக் கீழுதட்டில் வைத்து, ஊற்றாமல், அவளாக உறிஞ்சும்வரை பொறுத்திருந்த ஆயாம்மா, ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள், காட்பாடியிலிருந்து நேரங்காலம் பாராமல் வந்த ஆட்டோ அண்ணன், சாப்பாடு கொண்டுவந்த அத்தை, சித்தி எல்லோருக்கும் நன்றி.

அம்மா, உங்கள் லுங்கி இன்னும் வேலையில் இருக்கிறது, திருப்பித் தர நாளாகும். அதற்குப் பதிலாக மூட்டாத லுங்கி நாலு வாங்கி, பலமுறை துவைத்து வெயிலில் காயவைத்து, வார்டு சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். துணி இல்லாதவர்கள் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.