கதவுக்கு மேல் உட்காரப் போகிற கஜலட்சுமி

கோயம்புத்தூர்

அன்புள்ள சோமு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, பட்டறைப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று வீட்டில் ஊரடங்கு. நேற்றுதான் தளர்த்தினாள் மகராசி. போய்ப் பார்த்தால் என் வெட்பாலைக் கட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இத்தனை நாள் மரம் பழுத்துப்போச்சு என்று நினைத்திருந்தேன், பழுத்தது என் கண்!

மகளுக்கு வீடு கட்டி, தையில் பால் காய்ச்சப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். நிலைக்கு மேலே வைக்கிற கஜலட்சுமிப் பலகையை நீயே செதுக்கப் போகிறாய் என்று படித்தபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பேங்கில் முப்பது வருஷம் பென்சிலைக்கூட ஆளை விட்டுச் சீவச் சொன்னவன் நீ. சரி, ஆசை வந்துவிட்டது, விடக்கூடாது. அந்த இருபத்திநாலு உளி செட்டை மட்டும் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே. உளியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஆழம்.

உன் பலகை மூன்றடி நீளம், பத்து அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்று எழுதியிருக்கிறாய். இழைத்து எடுத்தால் 36 மில்லிமீட்டர் நிற்கும். இதில் 15 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காதே. ஒரு பக்கம் மட்டும் தோண்டினால் பலகை வளையப் பார்க்கும். பின்னால் பாதிக்கு மேல் கனம் இருந்தால்தான் அடங்கி நிற்கும். ஆக, உன் கையிருப்பு 15. அம்பாள், தாமரைப் பீடம், இரண்டு யானை, துதிக்கையில் குடம், எல்லாருக்கும் அதில்தான் பட்டுவாடா. கடன் வாங்க இடமில்லை.

ஃபவுண்டரிக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது இரும்பு வார்க்கிற அச்சுக்கான மாதிரி உரு, செய்துகொண்டிருந்த காலத்தில் நான் ஒரு ஸ்கேலைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் பத்து மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால், அந்த அளவுக்கு நீட்டியே கோடு போட்ட ஸ்கேல். பொய் ஸ்கேலில் அளந்தால்தான் நிஜ அளவு வரும். உன் பலகை மாதிரி, பின்னால் ஒட்டியபடி முன்னால் மட்டும் புடைத்து நிற்கிற புடைப்புச் சிற்பத்துக்கும் ஒரு பொய் ஸ்கேல் உண்டு, ஆழத்துக்கு மட்டும். அகலமும் உயரமும் உள்ளபடி இருக்கும். முன்னுக்கும் பின்னுக்குமான தூரம் மட்டும் நசுங்கும். எல்லாம் ஒரே விகிதத்தில் நசுங்காது என்பதுதான் சூட்சுமம். முன்னால் இருப்பவற்றுக்குத் தாராளம், பின்னால் போகப் போகக் கஞ்சத்தனம்.

மாமல்லபுரத்தில் வராக மண்டபம் பார்த்திருக்கிறாயே, அங்கே ஒரு கஜலட்சுமி உண்டு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. காலைத் தொங்கவிட்டு நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்தால் தொடை இரண்டும் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு வர வேண்டும் இல்லையா? அதைப் பாறையில் எவ்வளவு சுருக்கியிருக்கிறார்கள் என்று பக்கவாட்டில் நின்று பார். மேலே யானைகளைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. முன்பக்கம் மட்டும்தான் வெளியே, மீதி உடம்பு பாறைக்குள். யாருக்கும் யானை பாதிதான் என்று தோன்றாது. போன மாசிக்குப் போனபோது அந்த ஒரு சுவருக்கு முன்னாலேயே ஒரு மணி நேரம் நின்றேன். கூட வந்தவர்கள் கடற்கரைக்குப் போய் சுண்டல் தின்று திரும்பிவிட்டார்கள்.

உன் லட்சுமி பத்மாசனத்தில் இருக்கிறாள், அதனால் வேலை கொஞ்சம் சுலபம். படத்தை நகல் எடுத்து, எந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் எண் எழுது. பலகையின் மேல்முகம் 0, அடித்தளம் 15. மடித்த காலும் பீடத்து முன்னிதழும் 0. மூக்கு நுனி 3, மார்பு 5, காது 8. யானையின் மத்தகம் (நெற்றி மேடு) 4, காது 7, உடம்பு 10. இந்தப் பக்கத்து முன்னங்கால் 8, அந்தப் பக்கத்துக் கால் 12. அம்பாள் மேல் கைகளில் பிடித்திருக்கிற தாமரைக்கு 9 போதும். எதன் மேல் எது ஏறி நிற்கிறதோ அந்த இடத்தில் எண் கட்டாயம் இருக்க வேண்டும். குழப்பம் வருவதே அந்த விளிம்பில்தான்.

எண் எழுதாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று என்னைக் கேள். இரண்டு வருஷம் முன்னால் ஒரு யானை செய்தேன். காதில் ஆரம்பித்தேன், முறம் மாதிரி நன்றாக வந்தது. வந்த சந்தோஷத்தில் அதை 10 வரைக்கும் இறக்கிவிட்டேன். காதுக்குப் பின்னால் இருக்க வேண்டிய உடம்பு 13-க்குப் போனது. அடித்தளம் 15. இரண்டு மில்லிமீட்டர் யானை! சுவரில் ஒட்டிய தோசை. அது இப்போது சமையலறையில் குக்கருக்கு அடியில் இருக்கிறது.

உன் பலகை கண்ணுக்கு எதிரே மாட்டப்போவதில்லை, ஏழடிக்கு மேலே இருக்கப்போகிறது. பார்க்கிறவன் நாலடி தள்ளி நிற்பான், பலகை அவன் கண்ணுக்கு இரண்டடி மேலே. அந்தக் கோணத்தில், முன்னால் துருத்துகிற ஒவ்வொன்றும் தன் துருத்தலில் பாதி அளவுக்குத் தனக்கு மேலே இருப்பதை மறைக்கும். அடித்தளத்திலிருந்து 15 துருத்துகிற மடி, 10 துருத்துகிற வயிற்றில் இரண்டரை மில்லிமீட்டரை விழுங்கும். அதனால் வயிற்றை வரையும்போதே அந்த இரண்டரையைச் சேர்த்து நீளமாக வரை. முகத்தில் நெற்றியைவிடத் தாடையை 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளு. பெஞ்சில் படுக்க வைத்துப் பார்க்கும்போது குனிந்த மாதிரி அசிங்கமாக இருக்கும். மேலே ஏற்றியதும் உள்ளே வருகிறவனைப் பார்ப்பாள்.

இதையெல்லாம் மரத்தில் கற்றுக்கொள்ளாதே, களிமண்ணில் கற்றுக்கொள். இரண்டு பக்கமும் 15 மில்லிமீட்டர் கனத்தில் ரீப்பர் கட்டை வைத்து, நடுவே களிமண்ணை அப்பி, கட்டைக்கு மேல் ஓடுகிற மாதிரி பூரிக்கட்டையால் உருட்டினால் உன் கையிருப்பு சமமாக வந்துவிடும். வீட்டுப் பூரிக்கட்டையை எடுக்காதே, அனுபவத்தில் சொல்கிறேன். பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. நிழல் விழாத இடம் எல்லாம் ஆழம் போதாத இடம்.

மரத்துக்கு வருகிறேன். பழைய வீட்டு உத்திரத்திலிருந்து அறுத்த பர்மா தேக்கு என்கிறாய். நல்லது, ஆடி அடங்கிய மரம். ஆனால் காந்தத்தை எடுத்து முன்னும் பின்னும் தடவிப் பார். என் வீ உளி ஒன்று, முனை ஆங்கில வீ எழுத்து மாதிரி இருக்குமே அது, பழைய ஆணியில் மோதி மூக்கறுந்து போனது. தேக்குக்குள் மணல் மாதிரி சிலிக்கா வேறு இருக்கும், முனை சீக்கிரம் மழுங்கும். அதனால் முதல் லட்சுமியைக் குமிழ் மரத்தில் செய். கைக்கு இணங்கும், விலையும் கம்மி. வாகையைத் தவிர்த்துவிடு. அதன் தூளுக்கு எனக்கு நாலு நாள் தும்மல்.

அதைவிட முக்கியம் நார் ஓடும் திசை. மூன்றடிப் பலகையில் நார் நீளவாக்கில், கிடையாக ஓடும். அபய ஹஸ்தத்தின் விரல்கள் நட்டமாக நிற்கும். அதாவது நாருக்குக் குறுக்கே. சும்மா ஒரு தட்டுத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடையும். தூக்கிய துதிக்கைக்கும் யானைக் காலுக்கும் இதே கதைதான். இவற்றின் பின்னால் இருக்கிற மரத்தைக் குடைந்து எடுக்காதே. விரலைத் தனியாகப் பிரிக்காமல், பின்னால் மரத்தோடு ஒட்டியே வைத்து, விளிம்பில் மட்டும் லேசாக உள்ளே சாய்த்து வெட்டு. கீழே நின்று பார்க்கிறவனுக்கு அந்த நிழலே போதும். அரும்பாவூரில் ஒரு பட்டறைத் திண்ணையில் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தபோது இதைத்தான் கவனித்தேன். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஊர், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது அவர்களுடைய மரச்சிற்பம். அங்கே பெரியவர் ஒருவர் விரல்களைக் கடைசி நாள் வரைக்கும் ஒரு கட்டியாகவே விட்டிருந்தார். மற்றதெல்லாம் முடிந்து, உளியைத் தட்டுகிற கொட்டாப்புளியைக் கீழே வைத்த பிறகுதான், வெறும் கை அழுத்தத்தில் பிரித்தார்.

இப்போது உளி. நம்பரைப் பார்த்துப் பயப்படாதே. இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்காரர்கள் வைத்த வரிசை அது. 1 நேர் உளி, 2 சாய்வாய் அரிந்தது, 3 லேசான வளைவு, அப்படியே ஏறி 9 அரைவட்டம், 11 ஆங்கில யூ எழுத்து. கூடவே அகலம் மில்லிமீட்டரில். கடையில் போய்த் தேர்ந்தெடுக்காதே, உன் படத்திலிருந்து தேர்ந்தெடு. தாமரை இதழின் நுனி வளைவை அட்டையில் வெட்டிக் கடைக்கு எடுத்துப் போ. எந்த உளியை நட்டமாக வைத்து ஒரே அழுத்தில் அந்த நுனி முழுசாக விழுகிறதோ அதுதான் உன் உளி. பீடத்தில் முப்பது இதழ் இருந்தால் முப்பதும் ஒரே அச்சில் வரும். தப்பான உளியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இதழையும் நாலு வெட்டில் ஒப்பேற்றினால் முப்பதும் முப்பது விதமாக இருக்கும்.

உன் படத்துக்கு ஏழு போதும். 60 டிகிரி வீ உளி 6 மில்லிமீட்டர். 5-ஆம் நம்பர் 20. 3-ஆம் நம்பர் 12. இதழுக்கு 7-ஆம் நம்பர் 10. மடிப்புக்கும் நகைக்கும் 9-ல் 6, 11-ல் 3. மூலைக்குச் சாய்வு உளி 6. செட்டில் வருகிற இருபத்திநாலில் பாதி ஒன்றுக்கொன்று அக்கா தங்கை, நாலு மாசம் கழித்தும் எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் கிடக்கும். நல்ல கொல்லுப்பட்டறை பக்கத்தில் இருந்தால் லாரி ஸ்பிரிங் பட்டையிலேயே அடித்துத் தருவார்கள். முனையைக் கடினமாக்குகிற தோய்ச்சல் மட்டும் சரியாக இருக்க வேண்டும். திரும்பச் சூடு காட்டும்போது முனை வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், நீலம் பாய்ந்தால் மரத்தில் மடங்கும். முனைச் சரிவு தேக்குக்கு 25 டிகிரி. மென்மரத்துக்கு 20 போதும். தீட்டிய பிறகு குமிழ் கட்டையில் நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பார். வெட்டிய தடம் பளபளக்க வேண்டும். வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால் முனையில் சின்ன உடைசல் இருக்கிறது, திரும்பக் கல்லுக்குப் போ.

வெட்ட ஆரம்பிக்கும்போது கோட்டின் மேலேயே உளியை நட்டு அடித்துவிடாதே, ஓரம் நொறுங்கும். கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் தள்ளி வீ உளியால் வாய்க்கால் போடு. வெளிப்பக்கத்து மரத்தை 5-ஆம் நம்பரால் அள்ளு. இரண்டு மூன்று சுற்றாக 14 வரை இறங்கு. அந்தக் கடைசி ஒரு மில்லிமீட்டரை அடித்தளம் சமன் செய்யும் நாளுக்கு வைத்துக்கொள். ஆழம் பார்க்க ஒரு ரீப்பர் துண்டின் நடுவில் ஆணி அடித்து, நுனி 14 நீட்டும்படி விடு. பலகையின் குறுக்கே வைத்து நகர்த்தினால் எங்கே இடிக்கிறது, எங்கே இடிக்கவில்லை என்று அதுவே சொல்லும். பலகையின் நாலு ஓரத்திலும் அரை அங்குலம் வெட்டாமல் விட்டால்தான் அந்த ஆணிக்கட்டைக்கு உட்கார இடம் இருக்கும். இதை மறந்துவிடாதே.

மூட்டு வலி எப்படி இருக்கிறது? நின்று செதுக்கு, உட்கார்ந்தால் முழு வேலையும் மணிக்கட்டில் விழும். வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இவள் உன் மகளுக்கு என்று மாங்காய்த் தொக்கு எடுத்து வைத்திருக்கிறாள். ஐப்பசி மழை விட்டதும் ஒருநாள் பஸ் ஏறி வருகிறேன், என் வீ உளியையும் எண்ணெய்க் கல்லையும் எடுத்துக்கொண்டு. அதற்குள் களிமண் லட்சுமியைச் செய்து, டார்ச்சை இடது பக்கம் பிடித்து ஒன்று, வலது பக்கம் பிடித்து ஒன்று என்று இரண்டு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதைப் பார்க்கும் வரை தேக்கை மூடியே வை.

அன்புடன்,
கண்ணன்