மாசியில் பூட்டிய கோயில்: பங்குப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

திருடர்கள் உண்டியலை உடைத்ததையும் அதற்கப்புறம் நீங்கள் கோயிலைப் பூட்டியதையும் நான் மறுபடி கிளறப் போவதில்லை. எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். இருபது நாளில் திறந்துவிடுவோம் என்று பூசை முடிந்ததும் அறிவித்தீர்கள். மாசியில் போட்ட பூட்டு. இப்போது ஐப்பசி. திருப்பலி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கோயில் அடைத்தே கிடக்கிறது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் பார்த்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேனோ என்னவோ.

அன்று காலை ஏழு மணிக்கு நல்ல மழை. கோயில் கிரில் கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா நின்றிருந்தார். மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறவர், உங்களுக்கும் தெரிந்தவர். ராத்திரி முழுக்க நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்து, துணி மாற்றிவிட்டு, வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் நிற்க வேண்டியவர். இரண்டுக்கும் நடுவில் பஸ் வருகிற வரைக்கும் அவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம். டிபன் பையைப் படியில் வைத்துவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் திருப்பாடல் புத்தகமுமாக நின்று காலைச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். 63ஆம் திருப்பாடல். முடிந்ததும் பக்கம் திருப்பக் கை இல்லை. அதே பாடலை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கிட்டப் போய், "குடையை நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ண்ணே, பஸ் வந்துரும்" என்றார். புத்தகத்தின் ஓரம் நனைந்து ஊதிப்போயிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் காய்ந்த தரையும் காலி பெஞ்சுகளும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

சாமி, இதைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

நாங்கள் ஏழு பேர் இரண்டு வருடமாகக் காலையிலும் மாலையிலும் கோயிலில் உட்கார்ந்து திருப்பாடல் சொல்லி வந்தோம். குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்துக்குப் போய் மூன்று நாள் தங்கியதிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். பிரான்சிலிருந்து வந்த குரு மொன்ஷானினும் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவி லெ சோவும் 1950இல் காவிரிக் கரையில் தொடங்கிய ஆசிரமம் அது. பிறகு 1968இல் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்றார். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது பிரசங்கம் இல்லை. மணி அடித்தால் எழுந்து போகிறார்கள், செபிக்கிறார்கள், திரும்பி வந்து விட்ட வேலையைத் தொடர்கிறார்கள். காய் நறுக்குவதும் செபமும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே நாளுக்குள் அடங்கிக் கிடந்தன. நம் வீட்டிலும் இதைச் செய்யலாமே என்று தோன்றியது.

ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசினோ மடத்தில் துறவிகளுக்காக எழுதி வைத்த ஒழுங்கு 73 அத்தியாயம். பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை செபம்; 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்தில் சொல்லி முடிக்க வேண்டும். குடும்பஸ்தனுக்கு அது முடியாது. ஆனால் வேலை, வாசிப்பு, செபம், ஓய்வு ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரத்தைக் கொடு என்கிற அடிப்படை யாருக்கும் முடியும். கோடையில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் துறவிகள் படுத்து ஓய்வெடுக்கலாம் என்றுகூட எழுதியிருக்கிறார். சித்திரை வெயிலில் திண்ணையில் துண்டை விரித்துப் படுக்கிற நம் ஊர்க்காரனுக்கு அந்த மனிதர் அந்நியர் இல்லை.

என் பட்டறையில் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் போடுகிறோம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஒவ்வொரு இதழிலும் கரண்டியால் ஊற்ற வேண்டும். பாதியில் எழுந்தால் பூ கலங்கிவிடும். மணி அடித்ததும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் செபத்துக்கு வரவேண்டும் என்கிறது அந்த ஒழுங்கு. எனக்கு அது நடக்காது. அதனால் பன்னிரண்டு மணிக்குள் கடைசிக் கல்லை மூடிவிடுகிற மாதிரி வேலையைப் பிரித்துக்கொண்டேன். மடத்துக் கருவிகளைப் பீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்கச் சொல்லியிருக்கிறார் என்பதால் கரண்டியையும் அச்சையும் கழுவித் துடைத்து வைத்துவிட்டு எழுவோம். கோயிலில் மூவேளைச் செப மணி அடிக்கும். பட்டறையில் இருக்கிற எட்டுப் பேரும் இரண்டு நிமிடம் அமைதியாக நிற்போம். எட்டில் மூன்று பேர்தான் கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் அவரவர் சாமியைக் கும்பிடுவார்கள், இல்லையென்றால் வெறுமனே நிற்பார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு அப்புறம் யாரும் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை.

கோயிலைப் பூட்டியதோடு மணியும் நின்றுபோனது. மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் சாவி இல்லாமல் அவர் எப்படி அடிப்பார்? செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேரவையில் ஒருவர் சொன்னார். வைத்துப் பார்த்தேன். அலாரத்தை நிறுத்தப் போனை எடுத்தால் அதிலேயே ஆர்டர் கேட்டு மூன்று செய்தி வந்து நிற்கிறது. பதில் போட்டு முடித்துத் தலை நிமிர்ந்தால் மணி பன்னிரண்டேகால். மணியோசை என்னிடம் வேறெதுவும் கேட்காது. அதனால்தான் அது வேண்டும் என்கிறேன்.

செப அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் இருக்கிற அந்த அறையையாவது திறந்து கொடுங்கள் என்று வைகாசியில் கேட்டோம். திறந்து காட்டினீர்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பெட்டிகள், திருவிழாத் தோரணம் எல்லாம் அங்கேதான். ஆசீர்வாதப்பர் 52ஆம் அத்தியாயத்தில் சொல்வது ரொம்ப எளிமையானது: செபக்கூடம் தன் பெயருக்கு ஏற்றபடி இருக்கட்டும், வேறெதையும் அங்கே செய்யவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். தனியாகச் செபிக்க நினைக்கிறவன் சும்மா உள்ளே போய்ச் செபிக்கட்டும். அந்த அம்மா உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

கோபத்தில் இன்னொன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வருடம் தவறாமல் மூன்று நாள் தியானத்துக்குப் பந்தல் போடுகிறோம், வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைக்கிறோம், தெருக்கோடி வரைக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறோம். மீதி நாட்களில் ஒரு மனுஷி உட்கார்ந்து செபிக்க பெஞ்சு இல்லை. நம்மைச் சுற்றியுள்ள நகரத்தார் கோயில்களில் கால பூஜை நடக்கிறது. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கு கேட்கிறது. நம் கோயில் மட்டும் ஊமையாக நிற்பது எனக்கு வலிக்கிறது. இந்த முடிவை எடுத்தபோது அன்பியங்களில், அதாவது பங்கின் சிறு குழுக்களில், யாரையும் கேட்கவில்லை. முக்கியமான காரியம் என்றால் மடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், இளையவருக்கும் ஆண்டவர் நல்லதைக் காட்டுவார் என்றுதான் அந்த ஒழுங்கிலும் இருக்கிறது.

இது ஏழு பேரின் தனி ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். காலைச் செபமும் மாலைச் செபமும் அன்றாட வழிபாட்டின் இரண்டு கீல்கள் என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் மாலைச் செபம் கோயிலில் பொதுவாக நடக்கும்படி பார்த்துக்கொள்வது ஆன்ம மேய்ப்பர்களின் பொறுப்பு என்றும், பொதுநிலையினரும் செப வழிபாட்டைச் சொல்ல ஊக்கப்படுத்தப்படுகிறார்கள் என்றும் அதில் இருக்கிறது.

திருட்டுப் பயம் நியாயமானதுதான், அதை மறுக்கவில்லை. அதற்கு எங்களிடம் வழி இருக்கிறது. காலை ஐந்தரை முதல் ஏழரை வரை, மாலை ஆறு முதல் ஏழரை வரை மட்டும் திறந்தால் போதும். ஏழு பேரும் முறை வைத்து உள்ளேயே இருப்போம். நோட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கி, கையெழுத்துப் போட்டே திருப்பித் தருகிறோம். உண்டியலை அலுவலக அறைக்கு மாற்றிவிடுங்கள். நாற்காலிகளையும் ஜெனரேட்டரையும் வைக்க என் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை காலியாக இருக்கிறது. வாடகை வேண்டாம். மூன்று வேளையும் மணி அடிக்கக் கோயில்பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள்.

கோயிலைத் திறந்துவிடுங்கள் என்று தாழ்மையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் கூடுகிற பேரவைக் கூட்டத்தில் இதை முதலில் எடுத்துப் பேசுங்கள். நான் வெளியே காத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சாவியை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த கல் பட்டறைக்காரன்